உனக்கு நான் போட்ட முப்பத்தொன்று

சாமுவேல்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கமாக நீ எழுதினால் அன்றைக்கே பதில் எழுதி மறுநாள் காலைத் தபாலில் சேர்த்துவிடுவேன். இந்த முறை இரண்டு நாள் ஆகிவிட்டது. முதல் நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். இரண்டாம் நாள் எழுதியது படிக்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே அதில் எதையோ மறைத்திருக்கிறேன் என்று தெரிந்து அதையும் கிழித்தேன். இது மூன்றாவது. இதில் கோணல் இருந்தால் இருக்கட்டும், அப்படியே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நான் ஒரு முடிவு செய்து அதில் நிற்பவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். அதனால் தபால் பெட்டிக்குப் போகும்வரை எனக்கே நம்பிக்கையில்லை.

எஸ்தரைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறாள், கூப்பிட்டால் வந்து உட்காருகிறாள், தட்டில் பாதி அப்படியே இருக்கிறது, தலை பின்னிக்கொள்ள அவள் அம்மாவிடம் வருவதில்லை, கூடப் போகும் பெண்ணை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறாள், என்னம்மா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள் என்று எழுதியிருந்தாய். காலாண்டிலும் அரையாண்டிலும் கணக்கில் தேறவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வேலூர்ப் பக்கத்தில் கண்டிப்புக்குப் பேர்போன ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் இருக்கிறது, விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடப் போகிறேன் என்கிறாய். கடைசியில் வேடிக்கைபோல ஒன்று எழுதியிருந்தாய்: "கணக்கு வாத்தியாருக்குப் பிறந்தும் எனக்குக் கணக்கு வரவில்லை, என் மகளுக்கு எங்கிருந்து வரும்? மந்த புத்தி என் பக்கத்துச் சொத்து, அப்பா."

அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது உண்மையில்லை. அது உண்மையில்லை என்று தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். உன் அம்மா அரைகுறையாகத் தெரிந்துகொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். நானும் போய்விட்டால் நீ உன்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பிக்கொண்டே இருப்பாய். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உன் மகளுக்காகக் கையெழுத்தும் போட்டுவிடுவாய். அதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.

நாம் மிஷன் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்குள்ளேயே குடியிருந்தது உனக்கு நினைவிருக்கும். மூன்று வாத்தியார்களுக்கு மூன்று ஓட்டு வீடு, நம்முடையது நடுவில். நம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒன்பதாம் வகுப்புச் சுவர். மற்றப் பிள்ளைகள் மண்ணூரிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் நடந்து வந்து, மணியடித்ததும் திரும்ப நடந்து போய்விடுவார்கள். வழியில் கரும்பு உடைப்பார்கள், சண்டை போடுவார்கள், வாத்தியார்களுக்கு வைத்த பட்டப்பெயர்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். வீடு போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் அவர்கள் மேலிருந்து உதிர்ந்திருக்கும். உனக்கு உதிர்த்துக்கொள்ள வழியே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து முப்பது அடி நடந்தால் வீடு, வீட்டில் கணக்கு வாத்தியார். காலையில் கண்விழித்தால் ஜன்னலுக்கு வெளியே வகுப்பறை. இதையெல்லாம் நான் அப்போது வசதி என்று நினைத்தேன். என் பிள்ளைக்கு மழை வெயில் இல்லை, நடை இல்லை என்று மற்ற வாத்தியார்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அதைப் பற்றி நீ ஒருநாளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ரேங்க் போர்டு என்பார்கள். நாற்பத்தொரு வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர்ச் சீட்டு செருகுவதற்கு மரச்சட்டம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஜெபம் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் ரேங்க் வாசிப்பார். சீட்டுகளை எடுத்து வரிசை மாற்றிச் செருகுவார்கள். வகுப்பிலும் அதே வரிசையில்தான் உட்கார வேண்டும். அந்தப் பலகை ஹெட்மாஸ்டருடைய யோசனை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, என்னுடையது. ஒரு கோடை விடுமுறையில் அளவெடுத்து வரைபடம் போட்டு, ஆசாரி பக்கத்தில் நின்று செய்து வாங்கினேன். சீட்டுகளில் பெயர்களை இந்தியன் இங்க்கில் எழுதியதும் நான்தான். பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அதன் முன்னால் நின்று, இவ்வளவு ஒழுங்கை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். என்னைப் போன்ற பயந்த சுபாவக்காரனுக்குப் பாராட்டு எப்போதாவது வரும். வந்தால் அதை விட்டுவிட மனசு வராது.

இன்னொரு ஒழுங்கும் நான் செய்ததுதான். வாத்தியார் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தகப்பனை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். எங்கிருந்து சார், எங்கே அப்பா என்று உனக்குக் குழப்பம் வரக்கூடாது என்று, வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவில் நின்ற வேப்பமரம்வரை அப்பா, வேப்பமரத்தைத் தாண்டினால் சார் என்று உனக்கு ஒரு எல்லை வகுத்துக் கொடுத்தேன். ஆறாம் வகுப்பில் நீ அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாய். மரத்தடியில் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்து நின்றுகொண்டு, "அப்பா சார், அப்பா சார்" என்று கத்துவாய். உன் அம்மா ஜன்னலில் நின்று சிரிப்பாள். ஒன்பதாம் வகுப்பில் அந்த எல்லை எப்போது நம் வீட்டுக்குள் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நீ என்னிடம், "ரசம் போதும் சார்" என்றாய். கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து நான் முறைத்தேன். நீ கிண்டல் செய்யவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் சுற்றி வளைப்பதாக உனக்குத் தோன்றலாம். ஆமாம், சுற்றி வளைக்கத்தான் செய்கிறேன்.

எட்டாம் வகுப்புவரை நீ ரேங்கில் முதல் ஐந்துக்குள் இருந்தாய். நீ ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது உனக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவன் நான். ஜூலை மாதம், ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் படியில் நின்றுகொண்டிருந்தோம். சபை மூப்பர், பள்ளிக் கமிட்டியிலும் இருந்தவர், அவர் மகன் உன் வகுப்பு. பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி, "இன்னா சார், ஒங்க வூட்ல மார்க்கு மரத்துலயே காய்க்குதாமே? எங்க வூட்டு வாசல்ல ஒரு கன்னு நட்டுக் குடுங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. சொந்த மகனுக்கு மார்க் கூட்டிப் போடுகிறான் என்று அவர் கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லி என் வேலையையும் அந்த ஓட்டு வீட்டையும் பறித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படிச் செய்திருப்பாரா? இன்று யோசித்தால், செய்திருக்க மாட்டார். அவர் ஒரு வாயாடி, அவ்வளவுதான். ஆனால் பயப்படுகிறவனுக்கு எதிராளி எவ்வளவு பெரியவன் என்று அளக்கத் தெரியாது.

காலாண்டுத் தேர்வில் நீ கணக்கில் வாங்கியது அறுபத்தேழு. நான் போட்டது ஐம்பத்திரண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் குறைக்கிற பிழைக்கு உனக்கு மூன்று குறைத்தேன். இது உனக்கும் நல்லதுதான், இன்னும் கவனமாக எழுதுவாய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அரையாண்டில் உன் தாளைத் திருத்திக் கூட்டினேன், ஐம்பத்தெட்டு. அடுத்த தாள் மூப்பர் மகனுடையது, ஐம்பத்தேழு. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம். அந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்குக் கோயில் படி நினைவுக்கு வந்துவிட்டது. உன் தாளைத் திரும்ப எடுத்தேன். பிழை தேடினேன். கிடைத்த இடத்திலெல்லாம் குறைத்தேன். ஜியோமெட்ரியில் ஒரு தேற்றத்துக்கு நீ எழுதிய நிரூபணம் புத்தகத்தில் இருப்பதுபோல இல்லை. புத்தகம் ஒன்பது படியில் சொல்வதை நீ ஐந்து படியில் முடித்திருந்தாய். முதலில் திருத்தியபோது அதற்கு முழு மதிப்பெண் போட்டவன் நான்தான். பதினைந்து வருஷம் அந்தத் தேற்றத்தை நடத்தியவனுக்குத் தோன்றாத வழி அது. இரண்டாம் முறை அதன் குறுக்கே கோடு போட்டு, சைபர் போட்டு, "புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்" என்று எழுதினேன். எல்லாம் போக முப்பத்தொன்று வந்தது. அந்த ஒரு தாளால் நீ நாற்பத்தோராவது ஆகிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தமிழிலும் சரித்திரத்திலும்கூட நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய். பிப்ரவரியில் உன் சீட்டு கடைசிச் சட்டத்துக்கு வந்தது.

தாளைக் கொடுத்த அன்று நீ என்னிடம் வந்து, "சார், இந்த நிரூபணம் தப்பா?" என்று கேட்டாய். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தப்பு" என்றேன். சாமுவேல், அது தப்பில்லை. அது மிகச் சரி. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ஆவடியில் நீ இன்று மெஷின் செட்டராக இருக்கிறாய். ஒரு மயிரிழையைப் பத்தாகப் பகுத்த அளவுக்கு இரும்பைச் சீவுகிறவன் நீ. மெஷினில் இரும்பை மூன்று முறை மாட்டிச் செய்கிற வேலையை இரண்டில் முடிக்க நீ ஒரு வழி கண்டுபிடித்தாய் என்றும், சூப்பர்வைசர் அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார் என்றும் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்று நான் சாப்பாட்டை விட்டு எழுந்து போனேன். வயிற்று வலி என்று உன் மனைவியிடம் சொன்னேன். வயிற்று வலி இல்லை.

பிப்ரவரிக்குப் பிறகு நீ எஸ்தரைப் போலத்தான் ஆனாய். அதனால்தான் உன் கடிதத்தை அத்தனை முறை படித்தேன். நீ வந்து படுத்துக்கொள்வாய். உன் பந்தை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டாய், திரும்ப வாங்கவில்லை. குளித்த தலையைத் துவட்டாமல் உட்கார்ந்திருப்பாய். இதற்கெல்லாம் இன்று டாக்டர்கள் மனச்சோர்வு என்று பெயர் சொல்கிறார்கள், பத்திரிகையில்கூட எழுதுகிறார்கள். அன்றைக்கு என்னிடம் இருந்த பெயர்கள் சோம்பல், திமிர், வயசுக் கோளாறு. மூன்றுக்கும் மருந்து ஒன்றே என்று நினைத்து விடியற்காலையில் எழுப்பி உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். உன் அம்மாதான் ஒருநாள் கேட்டாள். "ஏங்க, இந்தப் புள்ள சிரிச்சி எத்தினி நாளாவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" "எண்ணிக்கிட்டா இருக்க முடியும்?" என்றேன். "நீங்கதான எல்லாத்தையும் எண்றவரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னாள். "அவன் தாள திருத்தறப்ப மட்டும் நீங்க பேனாவ ரெண்டு தடவ மையில தொடறீங்க. எனக்கு உங்க அல்ஜிப்ரா தெரியாது. ஆனா உங்க கை தெரியும்."   அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மார்ச் மாதத்தில் நீ செம்பரம்பாக்கத்துக்குப் போன நாளைப் பற்றி நாம் இருவரும் பேசியதில்லை. உனக்கு அது எப்படி நினைவிருக்கிறதோ, என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பூந்தமல்லிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் வாசலில் வந்து நின்று, "கணக்கு சார் யாரு? ஒங்க பையன் ஏரிக்கரை மேல கீறானாம், லஸ்கர் சொல்லி அனுப்பிச்சாரு" என்றார். லஸ்கர் என்றால் ஏரியின் மதகைப் பார்த்துக்கொள்கிற காவலாள். ஏரி என்ற சொல் நன்றாகவே காதில் விழுந்தது. ஆனாலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். விடையின் கீழ் கோடு போட்டேன். ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். பிறகுதான் பஸ் ஏறினேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சாமுவேல். என்ன செய்வதென்று தெரியாதபோது தெரிந்ததைச் செய்கிறவன். அதுவும் பெரிய குற்றம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மத்தியான வெயிலில் நீ மதகு மேடைமேல் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் அந்த லஸ்கர், காக்கிச் சட்டையும் தலையில் துண்டுமாக. என்னைப் பார்த்ததும் எழுந்து பாதி வழி வந்தார். "வா சார். நீதான் அந்தக் கணக்கு சாரா? காலைலேந்து குந்திகினு கீறான் சார். மீன் புடிக்க வந்த பையன்னு வுட்டுட்டேன். அப்பால பாக்கறேன், தூண்டிலும் இல்ல, இன்னாவும் இல்ல, தண்ணியவே பாத்துகினு கீறான். எனுக்குச் சரியாப் படல. பக்கத்துல போயி குந்திகினேன். கூழு குடுத்தேன், ரெண்டு சொம்பு குடிச்சான். அப்பாலதான் வாயத் தொறந்தான். ஒங்கப்பாரு யார்ரான்னா கணக்கு சாருன்றான். ஏன்டா, அவரு உனுக்கு அப்பனா, சாரான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ரோசன பண்ணிட்டுத் தெரியலன்னுட்டான் சார்."

நான் உன்னிடம் வந்து நின்றேன். ஏழெட்டு மைல் நடந்திருக்கிறாய், காலில் செருப்பில்லை. முதலில் என் வாயில் வந்தது, "சட்டையெல்லாம் ஏன் இப்படி அழுக்காகியிருக்கு?" என்பதுதான். அந்த லஸ்கர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது. "சட்டைய அப்பறம் தொவச்சிக்கலாம் சார். மொதல்ல புள்ளையத் தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். உன் தோளில் எலும்புதான் இருந்தது. எட்டு மாதமாக உன் தாள்களைத் தொட்டிருக்கிறேன், உன்னைத் தொடவில்லை.

பஸ்ஸில் நீ என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாய். கை மரத்துப்போனது, நான் அசையவில்லை. இறங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு வந்தேன். காம்பவுண்டு வாசலில் கடைசி மணி அடித்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், கட்டிய வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. உன் அம்மா உன்னை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "காலைல இவன் பெரம்பூர்ல என் தம்பி வூட்டுக்குப் போறான். நீங்க டி.சி. வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லன்னா நானே போயி ஹெட்மாஸ்டர்கிட்ட நிக்கிறேன்" என்றாள். அவள் அதுவரை ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று பேசியதேயில்லை. நான் வாங்கி வந்தேன்.

மூன்று மாதம் உன்னிடமிருந்து ஒரே மாதிரி கார்டு வந்தது: சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். நான்காம் மாதம் ஒரு கார்டில், "மாமா வீட்டுச் சேவல் யாரைக் கண்டாலும் கொத்துகிறது, மாமியைக் கண்டால் மட்டும் கூரைமேல் ஏறிக்கொள்கிறது, மாமாவும் அப்படியே" என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அதைப் படித்துச் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள். உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தது எது என்று நான் அதிகம் யோசித்திருக்கிறேன். நீ வேலை பழகிய மாமாவின் பட்டறையா, அங்கே யாரும் வரிசை போடாததா, உன் வயசுப் பையன்கள் உன்னை வெறும் சாமு என்று கூப்பிட்டதா, வெறுமனே நாள் போனதா? எல்லாம் பள்ளிக்கூடத்தால் வந்தது என்று சாதிக்க எனக்குத் தைரியமில்லை. அதே பலகைக்குக் கீழே நாற்பது பேர் இருந்தார்கள். சிலர் கடைசி வரியில் இருந்துகொண்டே மாங்காய் திருடிச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மண். ஆனால் ஒன்று எனக்கு நிச்சயம். மாறியது நீ அல்ல, உன்னைச் சுற்றி இருந்தது. அதே பையன்தான் அங்கே வாடினான், இங்கே சிரித்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளின் சீட்டுகளை வருஷக் கடைசியில் எடுத்து அடுப்பில் போடுவது என் வேலை. அவை எப்போதும் பலகையின் கீழ்ப் பாதியிலிருந்தே வந்தன. வசதியாக இருக்கிறது, மேலே கலைக்க வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறேன். உன் சீட்டை எடுத்த அன்றுதான் அது ஒரு பிள்ளையின் பெயர் என்று பட்டது. அப்போதும் பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. அது இன்னும் ஆறு வருஷம் இருந்தது. புது ஹெட்மாஸ்டர் வந்து வெள்ளையடிக்கும்போது கழற்றியவர்கள் திரும்ப மாட்ட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். யாரும் தேடவில்லை. நானும் தேடவில்லை. அந்த மௌனத்தைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? பெரம்பூரில் நீ தேறி வந்துவிட்டாய், கிளற வேண்டாம் என்றேன். பிறகு கல்யாணம் ஆனது, இப்போது எதற்கு என்றேன். எனக்குப் படிப்பு வரவில்லை என்று நீ சிரித்துக்கொண்டே சொல்லும்போதெல்லாம், இவன் சந்தோஷமாகத்தானே இருக்கிறான் என்றேன். நீ அதை உன் மகளுக்கும் சேர்த்துச் சொல்வாய் என்று நான் நினைக்கவில்லை.

அதனால் கேட்கிறேன், கட்டளை அல்ல: திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதே. வாடுகிற செடியை இன்னும் வெயில் கூடிய இடத்தில் கொண்டுபோய் நடாதே. அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டுப் போ. மதிப்பெண்ணைக் கடைசியில் கேள். முதலில் அவள் எங்கே உட்காருகிறாள், மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாள், எல்லார் முன்னாலும் அவளைப் பற்றி எதை வாசிக்கிறார்கள் என்று கேள். உன் வீட்டு வாசல்வரை அவளோடு என்ன வருகிறது என்று பார். மதராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலுக்குப் போவதுபோல அழைத்துக்கொண்டு போ. யார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே. அப்படி யோசித்தவன் என்ன செய்தான் என்று இப்போது உனக்குத் தெரியும். இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால் அவளைக் கேட்டு மாற்று, தண்டனையாக மாற்றாதே. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். இதைப் படித்தபின் என் முகத்தைப் பார்க்க உனக்கு மனசில்லை என்றால் சொல்லிவிடு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்றை மட்டும் நான் வருவதற்கு முன்பே செய். இந்தக் கடிதத்தை எஸ்தருக்குப் படித்துக் காட்டு. தாத்தாவைப் பற்றித் தப்பாக நினைப்பாளே என்று எதையும் விட்டுவிட்டுப் படிக்காதே. எல்லாவற்றையும் படி, கரும்பலகையில் கணக்கை முடித்துவிட்டு வந்ததையும் படி. அவளுடைய அப்பா கடைசி வரியில் இருந்தவன் என்றும், அது பொய் வரி என்றும் அவள் உன் வாயாலேயே கேட்கட்டும். எந்த இடத்தில் அவள் நிமிர்ந்து உன்னைப் பார்க்கிறாளோ அந்த இடத்தில் நிறுத்திவிடு. மிச்சத்தைப் படிக்க வேண்டாம். அவள் சொல்ல ஆரம்பிப்பாள், நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.